தான் எழுதிய சட்டம்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டு அம்மாள் கையில் வாடகைப் பத்திரத்தோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்களாயிற்றே! இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றார்.

விஷயம் இதுதான். வீடு பார்த்துக் கொடுத்த தரகர், "குழாயில் இரண்டு வேளையும் தண்ணீர் வரும். மொட்டைமாடியில் வடாம் போடலாம், துணி உலர்த்தலாம். மாடிச் சாவி உங்கள் கையிலேயே இருக்கும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாராம். முன்பணம் கொடுத்துக் குடிவந்து பார்த்தால், தண்ணீர் ஒரு வேளைதான். மாடிச் சாவியோ வீட்டுக்காரரின் இடுப்பில்! போய்க் கேட்டதற்கு அவர், "அதெல்லாம் தரகன் சொன்னது அம்மா. தரகன் சொன்னதற்கு நான் ஜவாப்தாரியா?" என்று கேட்டுவிட்டுப் பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டாராம்.

"அந்தத் தரகரை அனுப்பி வைத்தவரே இவர்தானே! வாடகைக்கு ஆள் பிடிக்கும்போது இவருடைய ஆள். வாக்குக் கொடுத்ததற்கு மட்டும் யாரோ ஒருவரா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

எனக்குச் சட்டம் தெரியாது. காப்பி கொடுத்து உபசரித்து, "பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்று சமாளித்தேன். ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. பிறரைக் கொண்டு ஒரு காரியம் செய்கிறவன், அந்தப் பிறர் செய்ததற்குப் பொறுப்பாளியா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு, "பொறுப்பாளிதான்" என்று புத்தகத்திலே எழுதி அச்சுப் போட்டு விற்ற ஒரு மனிதர் இங்கிலாந்தில் இருந்தார். விக்டோரியா மகாராணி காலத்து வக்கீல். பிற்காலத்தில் அந்தக் கேள்வி அவரையே வந்து பிடித்துக்கொண்டது. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். வக்கீல் கதை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அந்த மனிதர் ஒரு பெண்கள் பத்திரிகைக்கும் சொந்தக்காரர்.

* * *

அவர் பெயர் எட்வர்ட் வில்லியம் காக்ஸ். 1809-ஆம் வருஷம், இங்கிலாந்தின் தென்மேற்கே ஸாமர்செட் ஜில்லாவில் உள்ள டான்டன் என்ற ஊரில் பிறந்தார். 1685-ல், அரசனை எதிர்த்துக் கிளம்பியவர்களுக்கு ஈவிரக்கமின்றித் தூக்குத் தண்டனை விதித்தாரே ஜெஃப்ரீஸ் என்ற நீதிபதி, அவர் விசாரணை நடத்திய ஊர்களில் ஒன்று அது. ஆகவே சட்டம் என்றால் என்ன செய்யும் என்பது அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பாட்டி கதையிலேயே தெரிந்திருக்கும்.

காக்ஸின் தகப்பனார் ஒரு தொழிற்சாலைக்காரர். பையனுக்கோ கவிதைப் பித்து. இருபது வயதிலேயே ஒரு கவிதைப் புத்தகம் போட்டுவிட்டார். கவிதை சோறு போடவில்லை. சொந்த ஊரிலேயே சொலிசிட்டராகத் தொழில் நடத்தலானார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு ஜாதி. கோர்ட்டில் டோப்பா வைத்துக்கொண்டு எழுந்து நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். நாவல்களிலும் நாடகங்களிலும் வருகிறவர் அவர்தான். கட்சிக்காரரை முதலில் பார்த்து, அழுகையைக் கேட்டு, பத்திரங்களை எழுதி, உயிலைப் பத்திரப்படுத்தி, வழக்குக் கட்டைத் தயார் செய்து பாரிஸ்டர் கையில் கொடுக்கிறவர் சொலிசிட்டர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு மாலை, சமையல்காரருக்கு வியர்வை. பாரிஸ்டருக்கும் சொலிசிட்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

காக்ஸ் அந்தச் சமையற்கட்டில் நின்று பார்த்தவர். ஊருக்கு ஊர் சொலிசிட்டர்கள் இருந்தார்கள். ஆனால் லண்டனில் நேற்று என்ன தீர்ப்பானது, பார்லிமெண்டில் எந்தச் சட்டம் மாறியது என்பது அவர்களுக்கு எட்டுவதற்குள் வழக்கே முடிந்துபோகும். சட்டப் புத்தகங்களோ யானை விலை, யானை கனம். இது எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம் என்பதைக் காக்ஸ் கண்டுகொண்டார்.

1843-ல் லண்டனுக்கு வந்து பாரிஸ்டர் ஆனார். அதே வருஷம் 'லா டைம்ஸ்' என்ற வாரப் பத்திரிகையையும் தொடங்கினார். புதிய தீர்ப்புகள், புதிய சட்டங்கள், தொழில் சமாசாரங்கள் எல்லாம் வாரந்தோறும் தபாலில் வந்துவிடும்! வெளியூர் வக்கீலுக்கு இது பாலைவனத்தில் தண்ணீர்ப் பந்தல். அந்தப் பத்திரிகை 120 வருஷத்துக்கு மேல் நடந்து, 1965-ல் வேறொரு சட்டப் பத்திரிகையோடு கலந்தது.

கிரிமினல் வழக்குத் தீர்ப்புகளைத் தனியே தொகுத்து வெளியிட ஆரம்பித்ததும் அப்போதுதான். 'காக்ஸ் கிரிமினல் வழக்குகள்' என்ற அந்த வரிசை, அவர் காலமாகி அறுபது வருஷம் வரையில் தொடர்ந்து, 31 தொகுதிகளாக வளர்ந்தது.

* * *

இனி அவர் எழுதிய சட்டப் புத்தகங்களைப் பற்றி.

இலக்கண சுத்தமாக ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழக அலமாரியில் தூசி படிய வைக்கிற ரகம் அல்ல அவை. புதிதாக ஒரு சட்டம் வந்தால், "இதோ சட்டம்; இதோ நமூனா; இந்த இடத்தில் கையெழுத்து; இத்தனை நாளுக்குள் தாக்கல் செய்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிற கைப்புத்தகங்கள். சமையல் புத்தகத்தில் 'புளி எலுமிச்சங்காய் அளவு' என்று போட்டிருக்குமே, அந்த மாதிரி. 1852-ல் வக்கீல் தொழிலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். படிப்பு, பேச்சு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் விதம், வக்கீலின் கடமைகள் எல்லாம் அதில் உண்டு.

அவர் எழுதிய கைப்புத்தகங்களில் இரண்டை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கம்பெனிச் சட்டத்தைப் பற்றியது. 1855-லும் 1856-லும் இங்கிலாந்தில் ஒரு பெரிய மாறுதல் வந்தது. அதற்கு முன் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்து நொடித்துப் போனால், கடன்காரர்கள் அந்த நாலு பேரின் வீடு வாசல், நகை நட்டு எல்லாவற்றையும் கேட்கலாம். புதிய சட்டம் வந்த பிறகு, நூறு ரூபாய்க்குப் பங்கு வாங்கியவருக்கு நூறு ரூபாய்தான் நஷ்டம். அதற்கு மேல் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இன்று உலகம் முழுவதும் கம்பெனிப் பெயர்களுக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று ஒரு வால் இருக்கிறதே, அதன் அர்த்தம் இதுதான்.

காக்ஸுக்கு இந்தச் சட்டம் அடியோடு பிடிக்கவில்லை. ஆயினும் அதற்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். எழுதி, அதன் முகப்பிலேயே தம் ஆட்சேபத்தையும் வைத்தார். அவர் கட்சி என்னவென்றால்: ஆளை வைத்துக் காரியம் செய்கிறவன் அந்த ஆள் செய்வதற்குப் பதில் சொல்ல வேண்டும், லாபத்தில் பங்கு கேட்கிறவன் நஷ்டத்திலும் பங்கு கொள்ள வேண்டும், கடனைத் தீர்ப்பதும் செய்த தீங்குக்கு ஈடு கொடுப்பதும் தர்மம், அந்தத் தர்மத்தை நிலைநாட்டுவதுதான் நாகரிகமுள்ள தேசத்துச் சட்டத்தின் வேலை.

அடுத்த வீட்டு அம்மாள் இதைக் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்!

இரண்டாவது புத்தகம் தேர்தல் சட்டத்தைப் பற்றியது. வாக்காளர் ஜாபிதா தயாரிப்பதிலிருந்து தேர்தல் நடத்துவது வரை எல்லாவற்றையும் சொல்லும் கைப்புத்தகம். கிரேடி என்ற இன்னொரு வக்கீலோடு சேர்ந்து இதைப் பல பதிப்புகள் கொண்டுவந்தார். 1868-லும் ஒரு புதிய பதிப்பு வந்தது. அந்த வருஷத்தை மறந்துவிடாதீர்கள். திரும்ப வருவோம்.

* * *

சட்டப் பத்திரிகையில் கண்ட லாபம் காக்ஸை மற்றப் பத்திரிகைகளின் பக்கம் இழுத்தது. வேட்டை, மீன்பிடித்தல், தோட்டம், விளையாட்டு இவற்றுக்காக 1853-ல் தோன்றித் தள்ளாடிக்கொண்டிருந்த 'தி ஃபீல்டு' என்ற பத்திரிகையை வாங்கினார். அது நிமிர்ந்து நின்றது. டென்னிஸ் ரசிகர்கள் அறிந்துகொள்ளுங்கள்: விம்பிள்டன் சங்கம் 1868-ல் உருவானது அந்தப் பத்திரிகையின் காரியாலயத்தில் நடந்த கூட்டத்திலேதான். 1877-ல் நடந்த முதல் விம்பிள்டன் பந்தயத்துக்கு 25 கினி பெறுமான வெள்ளிக் கோப்பையைக் கொடுத்ததும் அந்தப் பத்திரிகையே.

பிறகு 1862 வாக்கில் 'தி குவீன்' அவர் கைக்கு வந்தது. ஸாமுவேல் பீட்டன் என்பவர் அதற்கு முந்திய வருஷம் ஆரம்பித்த பெண்கள் பத்திரிகை அது. இந்தப் பீட்டனின் சம்சாரந்தான், இல்லற நிர்வாகத்தைப் பற்றிய பிரசித்தமான தலையணைப் புத்தகத்தை எழுதிய இஸபெல்லா பீட்டன். காக்ஸ் கையில் 'தி குவீன்' உயர்ந்த குடும்பத்துப் பெண்கள் விடாமல் வாங்கும் வாரப் பத்திரிகையாக வளர்ந்தது. நாகரிக உடைகள், தையல், கல்யாணச் செய்திகள், சங்கீதம் எல்லாம் இருக்கும். வாசகிகள் தங்களுக்கு வேண்டாத சாமானைக் கொடுத்து வேண்டிய சாமானை வாங்கிக்கொள்ள ஒரு பண்டமாற்றுப் பகுதியும் இருந்தது. அந்தப் பகுதி இருக்கிற பக்கங்களில் அடங்காமல் பெருகவே, 1868-ல் 'எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்' என்று அதைத் தனிப் பத்திரிகையாகவே போட்டுவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது அச்சில் ஓடியது! பெண்கள் ஒரு மூலையில் தொடங்கும் சின்னக் காரியம் எங்கே போய் நிற்கும் என்பதை யார் கண்டார்கள்?

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 1862-ல் கல்யாணமான ஓர் ஆங்கிலப் பெண் காசு கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்குகிறாள். அந்தக் காசு யாருடையது? சட்டப்படி அவள் புருஷனுடையது! அவள் கையில் இருக்கும் பணமும், தையல் வேலை செய்து சம்பாதித்த கூலியும் தாலி கட்டிய மாத்திரத்தில் (அங்கே மோதிரம் போட்ட மாத்திரத்தில்) புருஷனுக்குச் சொந்தமாகிவிடும். பணக்கார வீட்டுத் தகப்பனார்கள் மட்டும் காக்ஸைப் போன்ற சொலிசிட்டர்களைக் கொண்டு டிரஸ்டு பத்திரம் எழுதி, மகள் சொத்தை மாப்பிள்ளை கைக்கு எட்டாமல் கட்டிவைப்பார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்குச் சொலிசிட்டர் ஏது? அவள் சம்பாதித்தது அவளுக்கே என்று சட்டம் வந்தது 1870-ல். சொத்து முழுவதையும் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வந்தது 1882-ல். காக்ஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை.

* * *

இப்போது 1868-க்கு வருவோம்.

காக்ஸுக்கு வயது ஐம்பத்தொன்பது. பணம் இருக்கிறது, பத்திரிகைகள் இருக்கின்றன, அந்த வருஷந்தான் 'சார்ஜண்ட்' என்ற உயர்ந்த வக்கீல் பட்டமும் கிடைத்தது. போலீஸ் சார்ஜண்ட் அல்ல! அது மிகப் பழைய வக்கீல் மரியாதை. சில வருஷத்திலேயே வழக்கொழிந்து போயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி: பார்லிமெண்ட். முன்பே வேறொரு தொகுதியில் நின்று தோற்றவர் அவர். இந்தத் தடவை பிறந்த ஊரான டான்டனிலேயே கன்ஸர்வேடிவ் கட்சி சார்பில் நின்றார். ஜயித்தார்.

அந்நாளில் ரகசிய ஓட்டு இல்லை. அது 1872-ல்தான் வந்தது. வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே, காசு கொடுத்தவன் தன் காசுக்குச் சரியான மறு வரவு வந்ததா என்று அங்கேயே நின்று எண்ணிக்கொள்ளலாம். சாராயக் கடையும் தேர்தலும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக இருந்த காலம்.

இந்த ஊழலை அடக்குவதற்காக 1868-ல் ஒரு புதிய சட்டம் வந்திருந்தது. அதுவரை தேர்தல் வழக்கைப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் கமிட்டியே விசாரிக்கும். அதாவது, திருடனை விசாரிக்கத் திருடனின் பங்காளிகள்! இனிமேல் மேல் கோர்ட்டு நீதிபதி ஒருவரே அந்தந்தத் தொகுதிக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்றது புதிய சட்டம்.

காக்ஸின் வெற்றியை எதிர்த்து வழக்கு வந்தது. காக்ஸிடம் தோற்றவர் ஹென்றி ஜேம்ஸ் என்ற லிபரல் கட்சிக்காரர். அவரும் வக்கீல்தான். சொந்த ஊரிலே, தெரிந்த முகங்களுக்கு நடுவே, 1869-ல் விசாரணை நடந்தது. காக்ஸ் தம் கையால் யாருக்காவது காசு கொடுத்தாரா என்பது அங்கே முக்கியமான கேள்வி அல்ல. அவருக்காக உழைத்தவர்கள் கொடுத்தார்களா? கொடுத்தவர்கள் அவருடைய ஏஜெண்டுகளா? இதுதான் கேள்வி.

ஏஜெண்ட் என்று சீட்டுக் கொடுத்து நியமித்திருக்க வேண்டுமா? நியமிக்காமல், வேட்பாளருக்குத் தெரிந்தே அவர் வெற்றிக்காகப் பாடுபட்டவர்களும் ஏஜெண்டுகள்தானா? டான்டன் வழக்கு அதன் பிறகு சட்டப் புத்தகங்களில் எடுத்துக்காட்டாக இடம் பெற்றது இந்த விஷயத்துக்காகவே. நீதிபதி காக்ஸின் தேர்தல் செல்லாது என்று தீர்த்தார். அந்த ஸ்தானம் ஹென்றி ஜேம்ஸுக்குப் போயிற்று.

தேர்தல் சட்டத்துக்கு வழிகாட்டி எழுதியவரின் தேர்தலே செல்லாமல் போயிற்று! "ஆளை வைத்துக் காரியம் செய்கிறவன் ஆள் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும்" என்று பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியவர், தம் ஆட்கள் செய்ததற்குப் பதில் சொன்னார். தீர்ப்பு அவர் மனத்தில் எப்படித் தைத்திருக்கும்! ஆனால் அவருடைய கொள்கைப்படி பார்த்தால் அது நியாயமான தீர்ப்பு.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அந்த ஹென்றி ஜேம்ஸ் பிற்காலத்தில் அட்டர்னி ஜெனரல் ஆனார். தேர்தல் ஊழல்களை ஒழிக்க 1883-ல் வந்த கடுமையான சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றி வைத்தவர் அவர்தான்.

* * *

ஸ்தானம் போனாலும் காக்ஸின் மதிப்புப் போகவில்லை. 1870-ல் லண்டன் பகுதியில் மிடில்ஸெக்ஸ் கிரிமினல் கோர்ட்டில் அவரை ஒரு நீதிபதியாக நியமித்தார்கள். சில்லறைத் திருட்டு, அடிதடி, ஏமாற்று இவற்றை விசாரிப்பது வேலை. பகலெல்லாம் சாட்சிகளைப் பிழிந்து உண்மையைக் காண்பார். இரவிலோ அவருக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு இருந்தது: ஆவிகளை வரவழைக்கும் கூட்டங்கள்!

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய பெரிய படிப்பாளிகளையெல்லாம் ஆட்டிவைத்த பித்து அது. 1871-ல், தாலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி, டேனியல் ஹோம் என்ற புகழ்பெற்ற 'மீடிய'த்தை வைத்துப் பரீட்சைகள் நடத்தியபோது, காக்ஸும் சாட்சியாக அங்கே உட்கார்ந்திருந்தார். மேஜை நகர்வதும் வாத்தியம் வாசிப்பதும் செத்தவர்களின் ஆவி அல்ல, உயிரோடிருக்கும் மனித உடம்பிலிருந்து வெளிப்படும் ஏதோ ஒரு சக்தி என்பது காக்ஸின் அபிப்பிராயம். அந்தச் சக்திக்கு ஒரு பெயரும் சூட்டிப் புத்தகம் எழுதினார். 1875-ல் இதை ஆராய ஒரு சங்கமே வைத்தார்.

1874-ல் அவர் வீட்டிலேயே ஒரு கூட்டம் நடந்தது. ஓர் இளம் பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து 'மயக்க'த்தில் ஆழ்ந்தாள். சற்று நேரத்தில் திரையின் இடைவெளியில் வெள்ளைத் துணி சுற்றிய 'ஆவி'யின் முகம் தோன்றியது. எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்ஸின் மகள் எழுந்து போனாள். திரையைப் பிடித்து விலக்கினாள். அவ்வளவுதான்! ஆவியும் அந்தப் பெண்ணும் ஒரே ஆள் என்பது தெரிந்துவிட்டது.

குறுக்கு விசாரணையைப் பற்றிப் புத்தகத்தில் எழுதிய தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உண்மையைக் கண்டுபிடிக்க மகளுக்கு ஒரு கைப்பிடித் துணி போதுமாயிருந்தது. எனக்கு அந்த மகளை மிகவும் பிடிக்கிறது!

காக்ஸோ முதலில் அந்தப் பெண்ணுக்காகவே பரிந்து பேசினார். மயக்கத்தில் தன்னை அறியாமல் செய்திருக்கலாம் என்றார். செய்தது ஓர் ஆள், பொறுப்பு மட்டும் வேறெங்கோ! பெரிய நீதிபதிக்கும் தமக்குப் பிரியமான விஷயம் என்றால் தராசு சற்றே சாயும் போலிருக்கிறது.

* * *

ஒரு பெண்ணிடம் பரிவினால் தராசு சாய்ந்தால் நாம் புன்சிரிப்போடு விட்டுவிடலாம். இன்னொரு தடவை சாய்ந்ததை அப்படி விடுவதற்கில்லை.

1877-ல் காக்ஸ், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்பதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். குற்றவாளியா, நிரபராதியா என்று கண்டுபிடிக்க ஆயிரம் விதிகள் இருக்கின்றன. ஆனால் குற்றவாளி என்று தெரிந்த பிறகு ஆறு மாதமா, ஆறு வருஷமா என்பதற்கு நீதிபதிக்கு வழிகாட்டுவார் இல்லை என்று அவர் கண்டார். ஒரே மாதிரித் திருட்டுக்கு இந்தக் கோர்ட்டில் ஒன்று, அடுத்த கோர்ட்டில் வேறு என்றால் அது நீதியா? நல்ல கேள்வி. தண்டனை அளப்பதையே பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த முன்னோடிப் புத்தகம் அது.

அந்தப் புத்தகத்தில், மனைவியை அடிக்கும் கணவர்களைப் பற்றியும் எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? பத்திரிகைகள் வர்ணிக்கிற மாதிரி அடிபடும் பெண் தேவதையாக இருப்பதில்லை. பெரும்பாலான வழக்குகளில் அவள்தான் வீட்டை நரகமாக்கி வைத்திருக்கிறாள் என்ற கருத்தை எழுதினார்!

பெண்கள் பத்திரிகைக்குச் சொந்தக்காரர் எழுதியது இது. அடித்த கை ஒருவனுடையது. பொறுப்போ அடிபட்டவள் தலையில். ஆள் செய்ததற்கே எஜமானன் பதில் சொல்ல வேண்டும் என்றவர், தன் கையால் செய்ததற்கே ஒருவனை விடுவிக்க வழி தேடினார். கோர்ட்டில் எத்தனையோ குடிகார ஜோடிகளைப் பார்த்துச் சலித்திருப்பார் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். ஆனால் சலிப்பு சட்டமாகுமா?

இந்த மாதிரி வாதத்துக்கு அடுத்த வருஷமே, 1878 ஏப்ரலில், அச்சில் பதில் வந்தது. எழுதியவர் ஃபிரான்ஸெஸ் பவர் காப் என்ற பெண்மணி. டப்ளினில் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தலையங்கம் எழுதிப் பழகிய பத்திரிகைக்காரர். அவர் கோபத்தை மட்டும் நம்பவில்லை. பத்திரிகைகளில் வந்த போலீஸ் கோர்ட்டுச் செய்திகளை வெட்டி வெட்டிச் சேர்த்தார். இன்ன ஊரில், இன்ன தொழில் செய்கிறவன், மனைவியை இன்ன விதமாகச் சிதைத்தான், கிடைத்த தண்டனை இவ்வளவு என்று வரிசையாக அடுக்கினார். 'வாயாடினாள்' என்பது எலும்பை முறிக்க உத்தரவுச் சீட்டாகுமா என்று கேட்டார். அடித்தவனை ஜெயிலில் போட்டு மட்டும் பயன் இல்லை; வெளியே வந்ததும் அதே வீட்டுக்குத்தானே வருவான்? அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பிரிந்து வாழ உரிமை, பிழைக்க ஒரு வழி என்றார்.

மே மாதமே பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறிவிட்டது. கணவன் கொடிய தாக்குதலுக்காகத் தண்டனை பெற்றால், மனைவியின் உயிருக்கு இனியும் ஆபத்து என்று மாஜிஸ்டிரேட்டுக்குத் தோன்றினால், அவள் அவனோடு வாழ வேண்டியதில்லை என்று அங்கேயே உத்தரவு போடலாம். வாரந்தோறும் அவளுக்கு அவன் ஜீவனாம்சம் கட்ட வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தாயாரிடமே இருக்கலாம். பெரிய வக்கீலும் பெரிய செலவும் இல்லாமல், ஏழைப் பெண் எட்டக்கூடிய கோர்ட்டில் கிடைத்த முதல் கதவு அது. குறைகள் பல உண்டு. ஆனாலும் கதவு கதவுதானே!

* * *

மறு வருஷம், 1879 நவம்பர் 24-ஆம் தேதி, லண்டனுக்கு வடக்கே மில் ஹில் பக்கத்தில் இருந்த தம் வீட்டில் காக்ஸ் திடீரென்று காலமானார். ஆவி ஆராய்ச்சிச் சங்கம் அவரோடு போயிற்று. ஆட்சேபித்து எழுதிய 'லிமிடெட்' சட்டம் உலகெங்கும் பரவிவிட்டது. 'தி குவீன்' 1970 வரை தன் பெயரோடு தனியே நின்று, பிறகு வேறொரு பத்திரிகையோடு சேர்ந்தது. 'தி ஃபீல்டு' இந்த நூற்றாண்டிலும் வெளிவருகிறது.

அவரை நல்லவர் ஜாபிதாவில் சேர்ப்பதா, கெட்டவர் ஜாபிதாவில் சேர்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படி ஒரு ஜாபிதா போடத் தெரியவில்லை. சட்டத்தைச் சாமானிய மனிதர் கைக்கு எட்டும்படி இறக்கி வைத்தார். அது பெரிய உபகாரம். எழுதிய சட்டம் தம்மையே கடித்தபோது ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அதுவும் பெரிய குணம். ஆனால் தாம் எழுதிய தர்மம் அடிபட்டவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டிய வேளையில், அதை அங்கே அனுப்பத் தவறிவிட்டார். நல்ல வேளையாக, ஒரு தர்மத்தைச் சொன்னவர் மறந்துவிட்டாலும், கேட்டவர்கள் மறந்துவிடுவதில்லை.

நேற்று அடுத்த வீட்டு அம்மாளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். தேர்தல் பகுதியில் சிரித்தார். அடி வாங்கிய பெண்களைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசவும் இல்லை.

பிறகு, "அந்த வாடகைப் பத்திரத்தைக் கொடுங்கள்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தாமே படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"மாடி உபயோகம் உண்டு என்று இங்கே போட்டிருக்கிறதே! இது தரகர் சொன்னது இல்லை. இதோ வீட்டுக்காரர் கையெழுத்து!"

பத்திரத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, வடாம் காய்ந்துகொண்டிருந்தது.